ஓரமாப் போப்பா!

(மும்பை மாட்டுங்கா தெலங் ரோடு, காலை எட்டரை. ஓரமாய் வரிசைகட்டி நிற்கும் கார்களுக்கு வெளியே இன்னொரு காரை நிறுத்திவிட்டு ஒருவர் கதவைப் பட்டென்று திறக்கிறார். தாராவி 90 அடி ரோட்டிலிருந்து கேரியரில் இட்லி அண்டாவோடு வந்த திருநெல்வேலிக்காரர் ஹாண்டில்பாரை வெட்டித் திருப்பித் தப்பிக்கிறார். சாம்பார் மட்டும் தப்பவில்லை.)

கார்க்காரர்: ஏம்ப்பா, ஓரமாப் போகப்படாதோ?

இட்லிக்காரர்: ஓரத்துலதான் சார் நீங்க நிக்கீய.

கார்க்காரர்: பார்க்கிங் கிடைக்கலை. அது கார்ப்பரேஷன் தப்பு. நீதான் கண்ணைத் தொறந்துண்டு ஓட்டணும்.

இட்லிக்காரர்: கண்ணு தொறந்துதான் இருக்கு. உங்க கதவு எப்பத் தொறக்கும்னு அதுக்குத் தெரியணும்லா? வலது கதவை இடது கையால தொறந்து பாருங்க சார். உடம்பு தன்னால திரும்பும், பின்னால வாறவன் கண்ணுல படுவான்.

கார்க்காரர்: எனக்கே பாடமா? நானும் சைக்கிள்காரன்தான்! ஞாயித்துக்கிழமை ஃபைவ் கார்டன்ஸை நாலு சுத்து. கியர் வண்டி, எண்பதாயிரம்.

இட்லிக்காரர்: இங்கேருந்தே மிதிச்சுப் போவீயளா?

கார்க்காரர்: இந்த டிராஃபிக்லயா? உயிர்மேல ஆசை இருக்கேப்பா. கார்ல கட்டி எடுத்துண்டு போவேன். உங்களுக்குத்தான் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ், அதான் பி.கே.சி.யில, தனி சைக்கிள் ட்ராக்கே போட்டாளே, 2011ல. 13 கிலோமீட்டர்!

இட்லிக்காரர்: மிட்டி ஆத்தைத் தாண்டுனா பி.கே.சி. நமக்குத் தெரியாதா? ட்ராக்குல காருதான் நின்னுது. பைக்கும் நின்னுது. சைக்கிள் ஏறுறதுக்கு இடம் இல்ல. கடைசியில சைக்கிள்காரன் எவனும் வரலைன்னு நம்ம தலையில போட்டாச்சு. 2025ல அதைப் பேத்துட்டு காருக்கு ரோட்டை அகலப்படுத்தப் போறதா மும்பை வட்டார வளர்ச்சி ஆணையம் எம்.எம்.ஆர்.டி.ஏ. சொல்லிட்டுது.

கார்க்காரர்: சும்மா கிடக்கிற இடம்தானே! சரி, நடக்கறவாளுக்கு என்ன குறை? பாந்த்ரா ஈஸ்ட்ல 2008லயே ஸ்கைவாக். அப்புறம் ஊர் பூரா கட்டினா.

இட்லிக்காரர்: மோட்டார் இருக்கிறவன் தரையில போறான். முட்டுவலிக்காரி படியேறுதா. அந்த பாந்த்ரா ஸ்கைவாக்கும் ஆபத்துன்னு 2019ல மூடி, அப்புறம் இடிச்சாச்சு.

கார்க்காரர்: மேலே வேண்டாம்னா கீழே வா. நம்ம துல்புளே ஃப்ளைஓவருக்கு அடியில நானாலால் மேத்தா கார்டன் இருக்கே! 600 மீட்டர். நர்மதை ஓடற மாதிரியே வளைச்சு வளைச்சு நடைபாதை. தினம் கார்ல போய் நடந்துட்டு வரேன்.

இட்லிக்காரர்: நல்ல இடந்தான் சார், குத்தம் சொல்லலை. ஆனா அங்க மனுஷனுக்கு ஆகாசம், இங்க பாலத்துக்கு அடி. எப்படியும் காரோட ஒரே மட்டத்துல விடமாட்டீய.

கார்க்காரர்: நன்னாப் பேசறே. ஃபுட்பாத்ல போ, யாரு தடுத்தா?

இட்லிக்காரர்: பைக்கு, பேனரு, தோண்டிப் போட்ட மண்ணு. அதுக்கு மேல நான் சைக்கிளோட ஏறணுமாக்கும்! தடையில்லாத நடைபாதை குடிமகனோட உரிமைன்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. கேஸ் போட்டது யாரு? நம்ம கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன், 2012ல. ஒடைஞ்ச எலும்பை ஒட்டி ஒட்டி அவருக்கு அலுத்துப்போயிருக்கும்.

கார்க்காரர்: எங்கே படிச்சே இதெல்லாம்?

இட்லிக்காரர்: பொட்டலம் கட்டுற பேப்பர்ல. 2022ல ஒரு வருசத்துல மட்டும் நாட்டுல 32,825 பேர் ரோட்டுல நடந்துபோயிச் செத்திருக்காங்கன்னு சர்க்காரே கணக்குச் சொல்லுது.

கார்க்காரர்: பாத்து நடந்திருக்கணும்.

இட்லிக்காரர்: ஜெர்மனியில சைக்கிளைத் தாண்டுனா ஊருக்குள்ள ஒன்றரை மீட்டர் தள்ளிப் போகணுமாம். 2020லேருந்து சட்டம்.

கார்க்காரர்: இங்கே ஒன்றரை மீட்டர் இருந்தா ரெண்டு ஆட்டோ நுழைஞ்சுடும். நாலு இட்லி கட்டு, தேங்காச் சட்னி தனியா.

(இட்லிக்காரர் அண்டாவைத் திறக்கிறார். கார்க்காரர் காருக்கும் சைக்கிளுக்கும் நடுவே நின்று சில்லறை தேடுகிறார். பின்னால் வந்த டெம்போ காதடைக்க ஹாரன் அடித்து, அவர் முழங்கையை உரசிக்கொண்டு போகிறது.)

கார்க்காரர்: அடப்பாவி! மனுஷன் நிக்கறது தெரியலையா? ரோடு என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா?

இட்லிக்காரர்: டெம்போக்காரனுக்குக் கேக்காது சார். பாதசாரி சத்தம் அம்புட்டு தூரம் எட்டாது.

கார்க்காரர்: யாருய்யா பாதசாரி? நான் காரை விட்டு இறங்கியிருக்கேன், அவ்வளவுதான்!