மணியப்பா

வெளிநாட்டு வேலைக்கு நாயையும் கூட்டிக்கொண்டு போவதென்று தீர்மானித்த அன்றே ஒரு மனிதருக்குச் சொந்தப் பெயர் போய்விடுகிறது. நாய் டாக்டர் வாசலில் "மணியோட அப்பா யாருங்க?" என்று கூப்பிடுகிறார்கள், இவர் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கிறார். அதோடு சரி. அன்று முதல் அவர் மணியப்பா.

அக்குளில் ஒரு நீல ஃபைல் இருந்தால் அவர்தான். திங்கள், செவ்வாய் எல்லாம் அவருக்குக் கிடையாது. "தங்கச்சி பையனுக்குத் தையில கல்யாணம்" என்று பத்திரிகையை நீட்டினால், "டைட்டருக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்பார். விழித்தால் தொலைந்தோம். முதலில் நாய்க்கு மைக்ரோசிப். சிப்புக்கு அப்புறம்தான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. முந்திப் போட்டால் செல்லாது. ஊசி போட்டு 30 நாள் கழித்து டைட்டர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. அதற்குப் பிறகே ஜெர்மனி. இதைக் கேட்டு முடிப்பதற்குள் நம் காபியில் ஆடை கட்டியிருக்கும்.

"நமக்கு ஆதார்ல 12 நம்பர்தான் சார், மணி சிப்புல 15!" என்று மீசையை நீவிக்கொள்வார். அந்த ரத்தப் பரிசோதனையில் தேற மில்லிக்கு 0.5 யூனிட் போதும். மணி அதைத் தாண்டிய அன்று மாடிமாடியாக மைசூர்பாகு வந்தது. மகன் பிளஸ் டூ தேறியபோது கடலைமிட்டாய்கூட வரவில்லை.

மணி தெருவில் கிடைத்தவன். படிவத்தில் வயதுக்கு ஒரு கட்டம் இருக்கவே, உத்தேசமாக ஒரு பிறந்த தேதி போட்டார். மாமியார் அதை வைத்து ஜாதகமே எழுதி வாங்கிவிட்டார். கடல் தாண்டும் யோகம் உண்டாம்.

ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு பயணக் கூண்டு. உள்ளே நாய் நிமிர்ந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பது விதி. மணி எட்டிக்கூடப் பார்க்காததால் மணியப்பாவே தவழ்ந்து நுழைந்தார். படுத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. திரும்பும்போது மாட்டிக்கொண்டார். மணி வெளியே உட்கார்ந்து, வாலை ஆட்டாமல், கம்பி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பயணத்துக்கு முந்தின கடைசிப் 10 நாளுக்குள் சென்னை பள்ளிக்கரணையில் அரசு கால்நடை மருத்துவரின் சான்றிதழ். கூடவே, சொந்தக்காரர் தரவேண்டிய உறுதிமொழி: இந்தப் பிராணியை விற்கவோ பிறர் பெயருக்கு மாற்றவோ கொண்டுபோகவில்லை, முன்னே பின்னே 5 நாளுக்குள் நானும் பயணம் செய்வேன். மணியப்பா கண் கலங்கக் கையெழுத்துப் போட்டார்.

பக்கத்திலிருந்த மனைவி அதை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"கல்யாணமாகி இருபது வருஷமாச்சு. எனக்கு இப்படி ஒரு வரி எழுதிக் குடுத்திருக்கீங்களா?"

மணியப்பா பேனாவை மூடவில்லை. "அதுக்கு ஃபார்ம் இருக்கா?" என்றார், நிஜமாகவே.