மருமகப்புள்ள அனுப்பின நாய்க்கண்ணு

வாரும் மருமகப்புள்ள. நீரு அனுப்பின படமெல்லாம் வந்து சேந்துட்டு. எல்லாத்துலயும் நாய்க்கண்ணு பச்சையா எரியுது. பாதிப் படத்தை உம்ம கட்டைவெரலு மறைச்சிருக்கு. கடைசிப் படத்துல உம்ம டீ டம்ளர் மட்டும் துல்லியமா விழுந்திருக்கு. அடியில "மாமா, கண்ணுல புள்ளி தெரியுதா?"ன்னு ஒரு கேள்வி. தெரியுது வே. ஆனா அது நாய் கொடுத்த புள்ளியா, உம்ம ஃபிளாஷ் கொடுத்த புள்ளியான்னுதான் எனக்குப் பிடிபடல.

நாய்க்கண்ணுக்குள்ள பின்சுவத்துல மினுக்குத ஏடு ஒண்ணு இருக்கு. இருட்டுலயும் கொஞ்சநஞ்ச வெளிச்சத்தை வச்சுப் பாக்கணும்லா, அதுக்காக உள்ள வந்த வெளிச்சத்தை அது திருப்பி அடிக்கும். ராத்திரி பஸ்ஸு வெளக்குல ரோட்டோர நாய்க்குக் கண்ணு மின்னுதே, அதான் இது. நீரு மூக்குக்கு நேரா ஃபிளாஷ் அடிச்சா மின்னாம என்ன செய்யும்? அதைப் போயி "பச்சைப் புரை"ன்னு பேரு வச்சு சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டீரு. உம்ம சித்தப்பா கண்திருஷ்டின்னுட்டாரு. உம்ம மச்சினன் நாய்க்குக் கூலிங்கிளாஸ் விக்கிற கடை வெலாசம் அனுப்பியிருக்கான். ஊரே பாத்தாச்சு, டாக்டரு ஒருத்தருதான் பாக்கல.

மொதல்ல போனைக் கீழ வையும். சிரமந்தான், கையோட ஒட்டிப்போயிருக்கும், மெல்லப் பிரிச்சு எடும். நாயை ஜன்னலோரத்துல பகல் வெளிச்சத்துல உக்கார வச்சு, பக்கவாட்டுல குனிஞ்சு பாரும். நேரா மொறைச்சா அதுவும் உம்மள மொறைக்கும். அந்த வீட்டுல யாரு எசமான்ங்கிற பழைய வழக்கு மறுபடி கெளம்பிரும். பக்கத்துல இருந்து பாத்தாத்தான் புள்ளி மேல நிக்கா, உள்ள நிக்கான்னு தெரியும். கருவிழி, கைக்கடியாரத்து மேல இருக்க கண்ணாடி கணக்கா. கண்ணாடியில கீறல் விழுந்தா ஒரு சங்கதி, அடியில முள்ளு ஓடுத எடத்துல அழுக்கு நின்னா வேற சங்கதி. மேல வெள்ளையாவோ நீலம் பாஞ்சோ பொட்டு நின்னா புண்ணா இருக்கலாம், ஆறின தழும்பா இருக்கலாம், சும்மா கொழுப்பு படிஞ்சதாக்கூட இருக்கலாம். நடுவுல இருக்க கண்ணுப் பாப்பாக்குள்ள வெள்ளை தெரிஞ்சா லென்ஸு விவகாரம். சுத்தியிருக்க பழுப்பு வளையத்துல கருப்புப் பொட்டுன்னா அது மூணாவது கதை. உம்ம படத்துல மூணும் ஒண்ணாத்தான் தெரியுது.

இன்னொண்ணு சொல்லுதேன். புள்ளியைப் பாத்தது போதும், நாயைப் பாரும். அந்த ஒத்தக் கண்ணை இடுக்குதா? தண்ணி வடியுதா? முன்னங்காலால தேய்க்குதா, சோபாவுல போயி மூஞ்சிய ஒரசுதா? வெளிச்சத்தைக் கண்டா ஒதுங்குதா? இதுல ஒண்ணு இருந்தாலும் அதுக்கு வலிக்குதுன்னு அர்த்தம். அன்னைக்கே டாக்டருட்ட போயிரணும், உமக்கு லீவு கெடைக்க ஞாயித்துக்கெழமை வரைக்கும் புண்ணு காத்துக்கிட்டு இருக்காது. ஒரு நா ரெண்டு நாளுல ஆழமா எறங்கி, கருவிழி ஓட்டையாப் போன நாயும் உண்டு. பக் மாதிரி முழி பிதுங்குன சாதிக்கு இது சுளுவா வரும். உம்மது லாப்ரடாரு. அதுக்கு முழி பிதுங்கல, நீரு ஊட்டுத பிஸ்கட்டுல வயிறுதான் பிதுங்கியிருக்கு.

காலையில காலி மனையில அவுத்து விடுதீருல்லா, அங்க ஊசிப்புல்லு கெடக்கா பாரும். நாய்க்கு மூக்கோரத்துல மூணாவதா ஒரு இமை மடங்கிக் கெடக்கும். புல்லு முனை அதுக்குப் பின்னால போயி உக்காந்துட்டா, சிமிட்டுத ஒவ்வொரு தடவையும் கருவிழியைக் கீறும். மேலோட்டமாப் பாத்தா ஒண்ணும் தெரியாது. டாக்டரு மரத்துப்போக சொட்டு விட்டு, இமையைப் பொரட்டித்தான் எடுப்பாரு. நீரு புருவம் பிடுங்குத இடுக்கியத் தூக்கிட்டுக் கெளம்பிரக் கூடாது.

இப்ப ஃப்ரிட்ஜுக்கு வருவோம். போன வருசம் உமக்குக் கண்ணு செவந்தப்ப வாங்கின சொட்டு மருந்துல பாதி அங்கதான இருக்கு? அதை எடுத்து விட்டா என்னன்னு நேத்தே உம்ம மனசு ஓடியிருக்கும். அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா, புண்ணு இருக்க கண்ணுல அது ஆறவிடாது, கருவிழியைக் கரையவே வச்சிரும். செவப்பு கொறையும், நீரும் கொணமாயிட்டுன்னு குரூப்புல போடுவீரு, உள்ள நடக்குதது வேற. நம்ம ஊருல ஆட்டுக்குக் கண்ணுல பூ விழுந்தா உப்பை மென்னு துப்புவாவ, பாத்திருக்கீரு. "பட்டிக்காட்டுத்தனம் மாமா"ன்னு மூக்கைச் சுளிச்சவருதான நீரு? படிச்ச ஆளு அதே வேலையக் குளுகுளுன்னு ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்துச் செய்யப் பாக்கீரு. அழுக்கு ஒட்டியிருந்தா மருந்துக்கடையில கெடைக்க சலைன் தண்ணியால கழுவும், அம்புட்டுதான் உமக்கு அதிகாரம். தேய்க்காம இருக்கக் கழுத்துல புனல் மாட்டும். நாய் உம்மள ஒரு மாதிரியாப் பாக்கும், பாத்தாப் பாத்துட்டுப் போட்டும்.

டாக்டரு செய்யுதது ரொம்பப் பெரிய வித்தை ஒண்ணுமில்ல. சாயம் தோச்ச தாளை நனைச்சுக் கண்ணுல ஒத்துவாரு. மேல்தோலு உரிஞ்ச எடத்துல மட்டும் சாயம் நின்னு, நீல வெளக்குல பச்சையா ஒளிரும். உம்ம குரூப்பு மூணு நா பேசியும் தீராத வழக்கு அங்கன ரெண்டு நிமிசத்துல தீந்துரும்.

வலி இல்ல, ரெண்டு கண்ணுலயும் ஒண்ணு போல சாம்பல்நீலமா மங்கல் தெரியுதுன்னா வயசு என்னன்னு பாரும். ஏழெட்டு வயசு தாண்டின நாய்க்கு லென்ஸோட நடுப்பகுதி இறுகி அப்படித் தெரியும். பாக்கதுக்குப் புரை மாதிரி இருக்கும், பார்வையை அவ்வளவாக் கெடுக்காது. ஒரு கண்ணைக் கையால மறைச்சுக்கிட்டு, முன்னால பஞ்சு உருண்டையைக் கீழ போடும். பஞ்சு விழுந்தா சத்தம் வராது; தலை கூடவே எறங்குனா அந்தக் கண்ணு பாக்குதுன்னு வச்சுக்கலாம். பிஸ்கட்டைப் போட்டுச் சோதிக்கக் கூடாது, உம்ம நாய் அதை மூக்காலயே புடிச்சிரும். நெசமான புரைன்னா பால் வெள்ளையா இருக்கும். நாய் தண்ணியா குடிச்சு ஓயாம மூத்திரம் போகுதுன்னா சர்க்கரையப் பாக்கச் சொல்லும். சர்க்கரை வந்த நாய்க்குப் பெரும்பாலும் ஒரு வருசத்துக்குள்ளயே புரை விழுந்துரும். பிஸ்கட்டுச் சங்கதிய மறுபடி எடுக்கல, விடும்.

பழுப்பு வளையத்துல தட்டையா ஒரு கருப்புப் பொட்டு, வருசக்கணக்கா வளராமக் கெடந்தா மச்சமா இருக்கலாம். அது பெருத்தாலோ, மேடு தட்டினாலோ, பாப்பா வட்டம் கோணினாலோ கட்டியான்னு பாக்கணும். லாப்ரடாருக்கு அதுவும் வரும். இது ஒண்ணுக்குத்தான் உம்ம படம் உதவும்: மாசம் ஒண்ணு, பகல் வெளிச்சத்துல, அதே எடத்துல, கட்டைவெரலு இல்லாம. கண்ணுக்குள்ள ரத்தம் கட்டுன மாதிரி செவப்பாத் தெரிஞ்சா காது மடலை விரிச்சு உண்ணி இருக்கான்னு பாரும். உண்ணிக் காய்ச்சல்லயும் கண்ணுக்குள்ள ரத்தம் கசியும். கண்ணு செவந்து, மங்கி, ஒரு முழி மட்டும் பெருசாத் தெரிஞ்சா உள்ள அழுத்தம் ஏறியிருக்கும். அது மணிக்கணக்குல பார்வையக் கொண்டுபோயிரும், என்கிட்டப் படம் அனுப்பிக்கிட்டு நிக்காதேயும். வண்டியில ஏத்தும்போது கழுத்துப் பட்டையப் புடிச்சு இழுத்தா அழுத்தம் இன்னும் ஏறும், மார்புப் பட்டை மாட்டும்.

நீரு இருக்கது மெட்ராஸ். 1903-ல தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில ஆஸ்பத்திரியோட இருக்கு. இங்க நம்ம பக்கத்துச் சனம் ராமையன்பட்டிக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டையும் சிப்பிப்பாறை நாயையும் ஆட்டோவுல ஏத்திட்டு வந்து வரிசையில நிக்கி. உமக்குக் காருல போக வலிக்குதாக்கும்.

போனதும் டாக்டரு கேப்பாரு: எப்பத்துல இருந்து இருக்கு, மொதல்ல எம்புட்டு இருந்தது, என்ன தின்னது, கடைசி ஊசி எப்ப போட்டதுன்னு. நீரு "நேத்துல இருந்து"ம்பீரு. நான் நேத்து ராத்திரி எம்மக கிட்டப் பேசினேன். "தைப்பொங்கல் சமயத்துலயே கடுகளவு இருந்துச்சுப்பா, அவங்ககிட்டச் சொன்னேன், 'ம்'னாங்க"ங்கா. தட்டுல சோறு வைக்கவ அவதான, தெனமும் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு பாக்கா. நீரு வண்டிய ஓட்டிட்டுப் போம், அவ பின்னால நாயோட உக்காந்து வரட்டும். உள்ள போனதும் டாக்டரு கேக்க கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆளு வேணும்லா.