போஷன் டிராக்கருக்குப் பால்வாடியில் ஓர் இடம்

அனுப்புநர்: வரி கட்டும் ஒருவன், ஸ்ரீவைகுண்டம், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்: பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், புது தில்லி.

பொருள்: அங்கன்வாடி ஊட்டச்சத்துக் கணக்கு பார்க்கும் தங்கள் போஷன் டிராக்கர் செயலியை எங்கள் ஊர்ப் பால்வாடியில் சேர்ப்பது – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

2021 மார்ச் 1 அன்று பிறந்த தங்கள் பிள்ளை நாடு முழுக்க அங்கன்வாடிகளில் உத்தியோகம் பார்க்கிறது. பிறந்த அன்றே வேலைக்கு அனுப்பிவிட்டீர்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அடிப்படைக் கல்வி இல்லாமலே அது வளர்கிறதே என்பதுதான் கவலை.

கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் பணியாளர்கள்தான் என்பது தங்கள் எண்ணம். அவர்கள் எப்போதோ கற்றுவிட்டார்கள். 11 பதிவேடுகளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிய டீச்சர்கள், லாகின், அப்டேட் எல்லாவற்றையும் காலேஜ் போகும் பிள்ளைகளிடம் திட்டு வாங்கிக்கொண்டே படித்தார்கள். பாஸ்வேர்டைத் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்தார்கள். (உலகத்தின் எந்த ஹேக்கருக்கும் எட்டாத இடம்.)

முகப்பதிவுக்கு வருகிறேன். 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுக்கு முகம் காட்டுவதைக் கட்டாயமாக்கினீர்கள். ஆதாரைச் சேர்க்க வேண்டும், போனுக்கு ஓடிபி வர வேண்டும், கேமரா முன் நின்று கண் சிமிட்ட வேண்டும். ஆதாரில் இருப்பது ரெட்டைச்சடை போட்ட பள்ளிக்கூட முகம். எதிரே நிற்பது எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. ஓடிபி போகும் போனோ திருப்பூரில், மிஷின் சத்தத்துக்கு நடுவே, புருஷன் சட்டைப்பையில். "ஏளா, வெளிச்சத்தப் பாத்து நில்லு. இப்ப சிமிட்டு. சிரிக்காத, அதுக்குப் புடிக்காது. இன்னொரு மட்டம் சிமிட்டு" என்று மன்றாடுகிறவர் யார் தெரியுமா? அதே பெண்ணை ஒரு காலத்தில் இடுப்பில் வைத்துச் சோறூட்டிய டீச்சராகவும் இருக்கலாம். அவளைத் தெரியும், அவள் அம்மாவைத் தெரியும், அந்த மாவை வீட்டில் யார் தின்பார்கள் என்பதும் தெரியும். இருந்தாலும் "இவள் இவள்தானா?" என்று போனிடம் கேட்ட பிறகுதான் பாக்கெட்டில் கை வைக்கலாம்.

திருட்டைத் தடுக்க என்பீர்கள். தடுக்கத்தான் வேண்டும்; இல்லாத பெயரில் மாவு போனால் எங்களுக்கும் வயிறு எரியும். ஆனால் மாவுக் கள்ளனுக்குக் கண் சிமிட்டத் தெரியாது என்று யார் சொன்னது?

முகம் பார்த்துச் சோறு போடுவதில் இந்த வட்டாரத்துக்கு அனுபவம் உண்டு. 2023 டிசம்பர் 17 இரவு, வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனில் நின்றுபோனது. ஏறத்தாழ 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணை வெள்ளம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. பக்கத்து மேலப்புதுக்குடிக்காரர்கள் வந்திருந்தவர்களுக்கு உலை வைத்துப் பொங்கிப் போட்டார்கள். சர்வர் டவுன், நாளைக்கு வாருங்கள் என்று ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

வாய் திறக்காத பிள்ளைகளிடமும் எங்களுக்குப் பொறுமை அதிகம். இங்கே பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை. திருச்செந்தூர் சன்னதியில் கொண்டுபோய்க் கிடத்திய பிறகே பேச்சு வந்தது என்பார்கள். தங்கள் பிள்ளைக்கு 2026 மார்ச்சோடு ஐந்து வயது. இன்னும் பல நேரம் வட்டம் சுற்றுகிறதே தவிர பதில் சொல்வதில்லை.

அதற்கு அடிக்கடி புதுப்பதிப்பு வருகிறது, சந்தோஷம். பணியாளருக்கு மத்திய அரசு தரும் மதிப்பூதியம் 2018 அக்டோபரில் 4,500 ரூபாய் ஆனது. முகப்பதிவு கட்டாயமான 2025 ஜூலையிலும் அதே 4,500. அந்த அப்டேட் எந்த ஸ்டோரில் கிடைக்கும் என்று ஒரு வரி எழுதினால் டீச்சர்களே இறக்கிக்கொள்வார்கள்.

ஆகவே, பிள்ளையை ஒரு வருஷம் இங்கே விட்டுவையுங்கள். வருகிறவர்களை டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு. அடம் பிடித்தால் ஆயா பார்த்துக்கொள்வார். ஓடிபி கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
மேற்படி வரி கட்டுபவன்

நகல்: அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி, திருச்செந்தூர் – தகவலுக்கும் தக்க மேல்நடவடிக்கைக்கும்.