போர்டிங் பாஸ் பத்திரம்

வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போக ஆசைப்படும் கோவைப் பேராசிரியர் முதலில் செய்ய வேண்டியது கட்டுரை எழுதுவதல்ல. அதை விமானத்தில் உட்கார்ந்துகூட எழுதிக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். முதல் வேலை, உங்கள் ஃபைல் எந்த டேபிளுக்குப் போகும், அந்த டேபிள்காரர் எத்தனை மணிக்கு டீ குடிக்க இறங்குவார் என்று தெரிந்துவைத்துக்கொள்வது. மேடையில் உங்களுக்குப் பத்து நிமிடம். ஃபைலுக்குப் பத்து மாதம். எதற்குத் தயாராக வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அழைப்பு வருவதில் சிரமம் கிடையாது. தினமும் காலையில் மெயிலைத் திறந்தால் பாரிஸ், துபாய், பாங்காக் என்று நாலு பேர் உங்களை 'மாண்புமிகு' ஆக்கியிருப்பார்கள். நீங்கள் தாவரவியல், அழைப்பு பல் மருத்துவத்துக்கு. பரவாயில்லை, தலைமை தாங்கவும் சொல்வார்கள், பதிவுக் கட்டணம் மட்டும் இன்று மாலைக்குள் கட்ட வேண்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமத்தை இந்த மாதிரி வேலைகளுக்காக 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. ஆகவே அழைப்பில் உங்கள் பாடத்தின் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அந்த ஒரு சோதனையிலேயே முக்கால்வாசி கழிந்துவிடும்.

அடுத்தது 'த்ரூ பிராப்பர் சேனல்'. நம் விண்ணப்பம் நேராகப் போகக் கூடாது, படியேறித்தான் போக வேண்டும். முதல் படி துறைத்தலைவர். என் விண்ணப்பத்தை எங்கள் ஐயா இரண்டு முறை புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏனுங் தம்பி, இந்தக் கட்டுரையில என்ற பேரும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அதுவரை இல்லை. அன்று சாயங்காலம் இருந்தது. கையெழுத்தும் கிடைத்தது. இதை நீங்கள் அவர் கேட்பதற்கு முன்பே செய்துவிட்டால் ஒரு வாரம் மிச்சம்.

பணத்துக்கு ஒரே இடத்தை நம்பாதீர்கள். டெல்லிக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று எனப் போட்டு வையுங்கள். டெல்லிக்கு எழுதும்போது பெயரில் கவனம்: எஸ்.இ.ஆர்.பி. என்று நாம் மனப்பாடம் செய்திருந்த ஆராய்ச்சி நிதி வாரியம், 2023-ல் வந்த சட்டத்தின்படி ஏ.என்.ஆர்.எஃப். என்ற புது அமைப்புக்குள் கரைந்துவிட்டது. பாதிப் பணம் ஓரிடத்திலும் மீதி இன்னோரிடத்திலும் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். இரண்டு பேருமே ஒரிஜினல் பில் கேட்பார்கள். இரண்டு பேருமே, மற்றவர் பணம் தரவில்லை என்று மற்றவரிடமிருந்தே கடிதம் வாங்கிவரச் சொல்வார்கள்.

அதோடு, கிராண்ட் என்றால் கையில் காசு தருவார்கள் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். முதலில் நீங்கள் போட வேண்டும், அப்புறமேட்டுக்கு அவர்கள் தருவார்கள். நடுவில் இருப்பது ஏலச்சீட்டு. போகிற வருடம் சீட்டைத் தள்ளி எடுத்துவிட்டு, வந்த பிறகு இரண்டு வருடம் கட்டினவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

டிக்கெட் எடுப்பது தனிப் படிப்பு. முன்பெல்லாம் அரசுப் பணம் என்றால் ஏர் இந்தியாதான், பேச்சே இல்லை. 2022 ஜனவரியில் அது டாடா கைக்குப் போன பிறகு, மத்திய அரசுச் செலவில் பறப்பவர்கள் எந்த விமானத்திலும் ஏறலாம். ஆனால் டிக்கெட்டை பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. என்ற மூன்று இடத்தில்தான் எடுக்கலாம். தட்கலுக்காகக் காலை பத்து மணிக்கு மவுஸைப் பிடித்துப் பழகியவர்களுக்கு மூன்றாவது இடம் சொந்த வீடு. பயணத்துக்கு 21 நாள் முன்பே எடுத்துவிடுவது நல்லது என்று அந்த ஆண்டு ஜூனில் ஒரு குறிப்பும் வந்தது. நல்ல குறிப்பு. என் சாங்ஷன் ஆர்டர் கைக்கு வந்தபோது பயணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஐரோப்பா என்றால் விசாவுக்கு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை போய் கைரேகை வைத்துவிட்டு, இரவே சேரனில் திரும்பலாம். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாமல் மருத்துவக் காப்பீடு வேண்டும். பேங்க் ஸ்டேட்மென்டில் பணம் நின்றிருக்க வேண்டும். மாமனார் மஞ்சள் விற்ற காசைப் போன வாரம் போட்டு நிரப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இவ்வளவுக்கும் மனம் தளர்கிறவர்களுக்கு நான் சொல்வது தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கதை. தலச்சேரிக்காரர். மிச்சிகனில் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். 1934 முதல் நம் வீரகேரளம் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட இனக்கலப்பு செய்து பார்த்தவர். 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் ஏழாவது சர்வதேச மரபியல் மாநாடு. போனார். மாநாடு முடிகிற நேரம் போர் மூண்டது. மாநாட்டுக்குப் போனவர் இங்கிலாந்திலேயே ஜான் இன்னஸ் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார், மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸை 1945-ல் வெளியிட்டார், பிறகு விஸ்லி தோட்டத்துக்குப் போனார். ஒரு மக்னோலியா மரத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள். நேரு கூப்பிட்டு ஊருக்குத் திரும்ப 1951 ஆகிவிட்டது. கருத்தரங்குக்குப் போய் பன்னிரண்டு வருடம்! அந்த 'ஆன் டியூட்டி' விடுப்பை எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டிடம் காட்டினால் மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மாட்டார்.

அதே மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ரஷ்யாவின் தாவரவியலாளர் வவிலோவ். அவரை அவர் நாடு அனுப்பவில்லை. தடையில்லாச் சான்றான என்.ஓ.சி. தாமதமாகிறது என்று புலம்பும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன், பிறகு கொஞ்சம் வெட்கமாக இருக்கும். மறுவருடம் அவரைக் கைது செய்தார்கள். 1943-ல் சிறையிலேயே இறந்தார். நம் என்.ஓ.சி. லீவில் போன கிளார்க்கின் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.

கருத்தரங்கு பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைசி நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் முறை வரும். எதிரே ஏழு பேர் இருப்பார்கள், அதில் நாலு பேர் அடுத்துப் பேசப் போகிறவர்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லூரி ஆண்டு மலருக்கு வேண்டும். சிங்கப்பூர் வழியாக வந்தால் கோடாலித் தைலம் மறக்காதீர்கள். டேபிளுக்கு ஒன்று, சூப்பிரண்டுக்கு இரண்டு.

ஆனால் போர்டிங் பாஸ். அது முக்கியம். போனிலேயே காட்டிவிட்டு ஏறுகிற சின்னப்பிள்ளைத்தனமெல்லாம் வேண்டாம். பீளமேடு விமான நிலையத்தில் கவுன்டருக்குப் போய், கேட்டு, காகிதத்தில் வாங்குங்கள். வாங்கின கையோடு ஜெராக்ஸ் எடுத்து, அட்டெஸ்டேஷன் வாங்கி வையுங்கள். நான் எடுக்கவில்லை. ஒரிஜினலைப் பயணப்படி பில்லோடு குண்டூசி குத்திக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒன்றரை வருடம் கழித்து ஆடிட் வந்தது, கூப்பிட்டார்கள். அந்த வழுவழுப்புக் காகிதத்தில் சூடுபட்டுப் பதிகிற எழுத்து நாளானால் மறைந்துவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெயர் இல்லை, தேதி இல்லை, இருக்கை எண் இல்லை. ஆடிட்டர் அம்மா அதை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"சார், நீங்க நெசமாலுமே போனீங்களா?"