ரிவர்ஸ் கியரில் பீத்தோவன்

பியானோ கிளாஸுக்குப் பிள்ளை போகிறது என்றால் வீட்டில் பியானோ இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் எங்கள் ஃபிளாட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு. இஸ்திரிக்குப் போகவேண்டிய துணிகளுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினோம். ஒரே வாரத்தில் துணிகள் அதன் மேலேயே குடியேறிவிட்டன. மகள் பயிற்சி செய்யவேண்டுமென்றால் என் சட்டைகளை நாற்காலிக்கு மாற்றவேண்டும். மாற்றியபின் அவளுக்கு உட்கார நாற்காலி இருக்காது.

முதல் பாடம் ஸி மேஜர் ஸ்கேல். பூஜையறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "சங்கராபரணம்தானே இது? இதுக்கா மாசாமாசம் ஃபீஸ்?"

ஸ்வரம் என்னவோ சங்கராபரணம்தான், பிரச்சினை விரலில். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் ஸ-ரி-க வாசித்ததும், நடுவிரலுக்கு அடியில் கட்டைவிரல் சத்தமில்லாமல் நுழைந்து ம-வைத் தொடவேண்டும். எங்கள் மகளுக்கு முதலில் கிளம்புவது முழங்கை, பஸ்ஸில் சீட்டு பிடிப்பதுபோல.

அது படிவதற்குள் 'ஃபர் எலிஸ்' வேண்டும் என்று அடம். பீத்தோவன் அதை எழுதியது 1810இல். 1827இல் அவர் கண்ணை மூடும்வரை அச்சேறவில்லை, 1867இல்தான் வெளிவந்தது. பின்னால் நடக்கப்போவது மனிதருக்குத் தெரிந்திருக்கிறது! மகளுக்கு வருவது முதல் ஒன்பது ஸ்வரம். ஒன்பதாவதில் இடக்கை சேரவேண்டும். சேராது. மறுபடி முதலிலிருந்து.

கேட்டதும் அம்மா பால்கனிக்கு ஓடினார். "யாருடா வண்டியப் பின்னாடி எடுக்கறது? வாட்ச்மேன் நிக்கறார், பாத்து!" ரிவர்ஸ் ஹாரனில் அந்த மெட்டைக் கேட்டுப் பழகிய காது, பாவம். தைவானில் குப்பை வண்டியே இதை வாசித்துக்கொண்டுதான் வரும். அங்கே குடியிருந்திருந்தால் அக்கம்பக்கத்தார் பையும் கையுமாக எங்கள் வாசலில் நின்றிருப்பார்கள்.

கிரேடு பரீட்சைக்கு 88 கட்டை உள்ள, அழுத்தினால் கனம் தெரிகிற டிஜிட்டல் பியானோ வேண்டும் என்கிறார் மிஸ். கிரேடுகளோ எட்டு. வாங்கத்தான் போகிறோம்.

நீங்களும் வாங்குவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். கடையில் கட்டைகளை எண்ணுவதற்கு முன், ஹெட்போன் சொருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை கிரேடு தாண்டுகிறதோ இல்லையோ, கீழ்வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை முறியாது.