நோட்டீசுக்கு அஞ்சாத அண்ணாச்சி

அண்ணாச்சி, உங்கள் நெஞ்சுரத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். உங்கள் பட்டாசு ஆலையில் மணிமருந்து செலுத்துகிற பெண்களுக்கு உராய்வு என்றால் பயம், வெயில் ஏறினால் பயம், மருந்தில் ஈரம் பட்டால் பயம். உங்களுக்கு எதிலும் பயமில்லை. தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் நோட்டீஸ் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கி, பழைய நோட்டீஸ்களின் மேல் பத்திரமாக அடுக்கி வைக்கிறீர்கள். அரசாங்கக் காகிதத்தை இவ்வளவு கசங்காமல் காப்பவர் யார்?

அறைக்கு நான்கு பேர் என்று அந்த நோட்டீஸில் எழுதுவார்கள். ஏழெட்டுப் பேருக்கு இடம் கொடுக்கும் தாராள மனசு உங்களுடையது. அதற்கும் மேல் ஆள் வந்தால் வேப்பமரத்தடி இருக்கவே இருக்கிறது. தீபாவளி ஆர்டர் நேரத்தில் அங்கே நல்ல காற்று. நாக்பூர் வெடிபொருள் துறை தந்த லைசென்ஸை ஒருவரே வைத்துக்கொள்வது சுயநலம் என்று, அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடுகிறீர்கள். பகிர்ந்துண்ணும் பண்பு!

எல்லாவற்றையும்விட நான் வியப்பது உங்கள் கணக்கறிவை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை உங்களைப் போல் படித்தவர் இல்லை. பொதுவான விதிமீறலுக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. அந்த முதல் ‘அல்லது’வைக் கண்டுபிடித்தீர்களே, அதுதான் மேதைமை. பாதுகாப்பு விதியை மீறி உயிரே போனாலும் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாயாகத்தான் இருந்தது. 1987-இல் வைத்த விலை இது. அதன்பிறகு வெடி விலை ஏறியது, அட்டை விலை ஏறியது, கூலிகூடக் கொஞ்சம் ஏறியது. உயிரின் விலையை மட்டும் 30 ஆண்டுகளுக்கு மேல் சட்டம் ஏற்றவில்லை. ஆய்வாளரின் எழுத்துப்பூர்வ உத்தரவை மீறினால் 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்றும் அதில் இருந்தது. 6 மாதம் பொறுத்திருக்கத் தெரிந்தவர் பூமி ஆள்வார். நீங்கள் ஆலை ஆண்டீர்கள்.

விபத்து நடந்தால் புகழை நீங்கள் தேடிப் போவதில்லை. போர்மேனை முன்னால் நிறுத்திவிட்டு வெளியூர் போய்விடுகிற அடக்கம் உங்களுக்கு. செய்தியில் அவர் பெயர் வரட்டும், ரிமாண்டுக்கும் அவரே போகட்டும் என்று ஒதுங்கிக்கொள்கிறீர்கள்.

உங்களுக்கு முன்னோடியும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் வெடித்த ஆலையின் உரிமம் அதற்கு முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. உரிமம் இல்லாவிட்டாலும் வேலை கொடுத்த கொடைவள்ளல்! 30-க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். அவர்களில் காப்பாற்ற ஓடிவந்தவர்களும் உண்டு.

இப்போது உங்கள் கணக்கைக் கொஞ்சம் கலைத்துவிட்டார்கள், அண்ணாச்சி. 2020-இல் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்குக் கொண்டுவந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில், கடமை தவறியதால் உயிர் போனால் அபராதம் 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது. அதில் பாதிக்குக் குறையாமல் இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். ‘அல்லது’ அங்கேயும் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

ஆனால் குடும்பத்துக்குக் கொடுக்க ‘உத்தரவிடலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘உத்தரவிட வேண்டும்’ என்று இல்லை. ஆகவே பட்டாசு ஆலை விபத்து வழக்குகளை நடத்தும் அரசு வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அண்ணாச்சி பத்திரமாக அடுக்கி வைத்திருக்கும் நோட்டீஸ்கள் அத்தனையையும் நீதிமன்றத்தில் சான்றாகக் கொடுங்கள். அந்தக் குடும்பங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை மறக்காமல் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.