கர்த்தருக்கு என்ன சோலி மிச்சம்?

மருமவனே, புதுக்காரு வாங்கி, சேகரத்து ஐயர வச்சு ஜெபம் பண்ணி, பின்கண்ணாடியில ஒரு வசனமும் ஒட்டிட்டியாம். பிரயாணத்துல கர்த்தர் காப்பாருங்கிற வசனம். ரொம்ப நல்லது. ஆனா நாலுவழிச் சாலையில 120ல போறியாமே? கர்த்தர நீ பின்னால ஒட்டி வச்சிருக்கே. நீ முன்னால ஒருத்தன் மேல மோதப் போனா, அவரு எங்கன சுத்தி ஓடியாந்து புடிப்பாரு?

கோவிச்சுக்கிடாத. "எல்லாத்தையும் ஆண்டவர் கையில ஒப்புக்கொடுத்துட்டேன் மாமா"ன்னு நீ போன்ல சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கு. ஆண்டவருக்குச் சந்தோஷமான்னுதான் வெளங்கல. நீ மட்டுமா இப்படி? நம்ம திருநெல்வேலிச் சீமையில முதலூர்னு கிறிஸ்தவங்களுக்குன்னே ஒரு ஊரு உண்டாக்குனது 1799ல. ரெண்டு நூத்தாண்டுக்கு மேல ஜெபம் பண்ணிப் பழகுன சனம் நாம. பழகப் பழக ஜெபமும் வந்துட்டு, ஜெபத்துக்குள்ளயே நம்ம சோலிய முடிச்சுக்கிடுத வித்தையும் வந்துட்டு.

ஆஸ்பத்திரியில டாக்டரு உதட்டப் பிதுக்குனதும் "இனி கர்த்தர் கையில விட்டுட்டோம்"ங்கோம். அதுவரைக்கும் யாரு கையில இருந்துச்சாம்? பாளையங்கோட்டையில ஒரு டாக்டரு, மதுரையில ஒரு டாக்டரு, வேலூருக்கு ஒரு நடை. எல்லாரும் கைய விரிச்ச பொறவு, கடைசி வரிசையில நிக்க கர்த்தருக்கு டோக்கன் கெடைக்கு. வைத்தியம் பாக்கது தப்புன்னு சொல்லல டே, சுவிசேஷம் எழுதுன லூக்காவே வைத்தியருதான். நான் சொல்லுதது வேற. கையில ஒண்ணுமில்லாதவன் கைய விரிச்சுக் காட்டுதது என்ன பெரிய காரியம்? கை நெறைய வச்சுக்கிட்டு, "நெனச்சா இப்பவே முடிச்சிரலாம்"ங்கிற நேரத்துல விடுதியா இல்லியா? ஒப்புக்கொடுத்தவன் யாருன்னு அங்கதான் தெரியும்.

டிசம்பர் 31 ராத்திரி நம்ம கோயிலுக்கு வந்து பாரு. ஆராதனை முடிஞ்சதும் ஒரு தட்டுல வாக்குத்தத்தக் கார்டு வரும். கண்ண மூடி, ஜெபிச்சு, ஒண்ணு எடுக்கணும். புது வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குக் குடுக்குத வார்த்தை அது. நம்ம மேலத்தெரு அத்தை ஒருத்தி கண்ண மூடித்தான் எடுப்பா. தொறந்து பாப்பா. "பொறுமையா இரு"ங்கிற மாதிரி ஏதாவது வந்துட்டுன்னா முகம் சுண்டிப் போவும். "இது பேரனுக்கு"ன்னு ஓரமா வச்சிட்டு இன்னொண்ணு எடுப்பா. அது "துபாய்ல இருக்க மவனுக்கு". மூணாவதா வெள்ளாமையும் ஆசீர்வாதமும் வந்துட்டுன்னா, "இதுதான் எனக்கு, கர்த்தர் பேசிட்டாரு"ன்னு பைபிளுக்குள்ள வச்சுக்கிடுவா. பேரன் பாவம், ஒண்ணாங்கிளாசு படிக்கான். அந்த வருஷம் முழுக்க அவன் பொறுமையா இருக்கணும்.

அச்சடிக்கிறவங்க அத்தைய விடக் கெட்டிக்காரங்க. யோபுக்கு வந்த கஷ்டம் உனக்கும் வரும்னு போட்ட ஒரு கார்ட இந்த வயசு வரைக்கும் நான் கண்ணால பாத்ததில்ல.

அது முடிஞ்சு ஜனவரி மொத ஞாயித்துக்கெழமை உடன்படிக்கை ஆராதனை. 1755ல ஜான் வெஸ்லி லண்டன்ல ஆரம்பிச்சு வச்ச வழக்கம் இது. 1947ல தென்னிந்தியத் திருச்சபை உண்டானப்போ மெதடிஸ்டுக்காரங்க வழியா நமக்கும் வந்து சேந்துச்சு. அதுல சபையெல்லாம் எந்திரிச்சு நின்னு ஆண்டவர்கிட்ட என்ன சொல்லுதோம் தெரியுமா? நான் இனி எனக்குச் சொந்தமில்ல, வேலை தந்தாலும் சரி, ஒதுக்கி வச்சாலும் சரி, ஒசத்துனாலும் சரி, தாழ்த்துனாலும் சரி, இதான் அதுக்கு அர்த்தம். கல்லும் கரையுத ஜெபம். அடுத்த ஞாயிறு வேதபாடம் வாசிக்க நம்ம பேரு நோட்டீஸ்ல இல்லாட்டி என்ன ஆவுதுன்னு கோயில்குட்டியார்ட்ட கேட்டுப்பாரு. ஒதுக்கி வச்சாலும் சரின்னு ஏழு நாளைக்கு முன்னாடி சொன்ன வாய்தான், "வேணுமுன்னே என்னைய ஒதுக்குதாங்க"ன்னு செக்ரட்டரி வீட்டு வாசல்ல நிக்கும்.

திருமண்டலத் தேர்தலப் பத்தி நான் பேசமாட்டேன், எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு. செயிச்சா தேவ சித்தம், தோத்தா கோர்ட்டு. அம்புட்டுத்தான்.

இப்ப உன் கதைக்கு வாரேன். "கதவு தானாத் தொறக்குது மாமா, அப்பன்னா இது கர்த்தர் வழிதானே"ன்னு புது வேலையப் பத்திக் கேட்டே. யோனா கதைய ஞாயித்துப்பள்ளியில படிச்சியா, இல்ல மீன் படத்துக்குக் கலரு மட்டும் அடிச்சியா? கர்த்தரு நினிவேக்குப் போன்னாரு. அவன் யோப்பாவுக்குப் போனான். போன ஒடனே தர்ஷீசுக்குப் போற கப்பலு தயாரா நிக்கி. டிக்கெட்டுக்குக் காசும் மடியில இருக்கு. குடுத்துட்டு ஏறி, கீழ்த்தட்டுல போயி நிம்மதியாத் தூங்கவும் செஞ்சான். உன் கணக்குப்படி அம்புட்டு கதவும் தொறந்துட்டு, மனசுல சமாதானமும் வந்துட்டு. ஆனா போனது எதிர்த்திசை. தப்பிச்சுப் போறவனுக்குக் கப்பல் கெடைக்காம இருந்ததே இல்ல டே. அந்த வேலையில சேராதன்னு நான் சொல்லல. கூடச் சம்பளத்துக்குப் போறேன்னு வெளிப்படையாச் சொல்லிட்டுப் போ. ஏன் கர்த்தர் பேர்ல பில்லப் போடுத?

நம்ம ஆளுங்களுக்கு முன்னோடி யாக்கோபுதான். பெத்தேல்ல கல்ல தலைக்கு வச்சுப் படுத்து, வானத்துக்கு ஏணி வச்ச சொப்பனத்தையே கண்டவன். விடிஞ்சதும் விழுந்து கும்புட்டானா? ஒப்பந்தம் பேசுனான். சோறும் துணியும் குடுத்து, பத்திரமா அப்பன் வீட்டுல கொண்டு சேத்தா நீரு என் தெய்வம், வாரதுல பத்துல ஒண்ணு ஒமக்குன்னான். நம்ம பஜார்ல கட வச்சிருந்தா நல்லாப் பொழச்சிருப்பான். அதுக்காகக் கர்த்தர் அவனத் தள்ளிப்போடல. ஆனா யாப்போக்கு ஆத்தங்கரையில ராத்திரி முழுக்கப் போராடவிட்டுத் தொடைச்சந்துல ஒரு தட்டு தட்டுனாரு. பொறவு பய நொண்டி நொண்டித்தான் நடந்தான்.

இதக் கேட்டுட்டு உன் தம்பி மாதிரி கால நீட்டிப் படுத்துக்கிடாத. அவன் இன்னொரு வகை. பரிச்சைக்குப் பணம் கட்டலியான்னு கேட்டா "கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்கேன்"ங்கான். கர்த்தருடைய வேளை வந்துச்சு, விண்ணப்பிக்கக் கடைசித் தேதியும் வந்துச்சு. ரெண்டும் போயிட்டு, அவன் இன்னும் காத்துக்கிட்டே கெடக்கான்.

பவுல் ரோமாபுரிக்குப் போன கப்பல் புயல்ல சிக்குனப்போ உள்ள இருந்தது 276 பேரு. ஒரு உசுருக்கும் சேதம் வராதுன்னு தேவதூதனே வந்து சொல்லியாச்சு. அதுக்குப் பொறவு பவுல் போத்திக்கிட்டுப் படுத்தானா? மாலுமிங்க நங்கூரம் போடுத சாக்குல படவ எறக்கி நைசாத் தப்பிக்கப் பாத்தாங்க. பவுலு நூத்துக்கதிபதியக் கூப்புட்டு, இவங்க கப்பல்ல இல்லாட்டி நீங்க யாரும் பொழைக்க முடியாதுன்னான். சிப்பாயிங்க கயித்த அறுத்து விட்டாங்க. பொறவு எல்லாரையும் சாப்பிட வச்சு, மிச்சக் கோதுமையக் கடல்ல கொட்டிக் கப்பலோட பாரத்தக் கொறச்சாங்க. கடைசியில நீந்தத் தெரிஞ்சவன் நீந்தி, தெரியாதவன் பலகையப் புடிச்சு, மெலித்தாத் தீவுல கரை ஏறுனாங்க. வாக்கு கர்த்தரோடது. பலகையப் புடிச்சது இவங்க கையி.

எது நம்ம சோலி, எது அவரு சோலின்னு தெரியணும்னா நம்ம தேரிக்காட்டுப் பனையேறியப் பாத்தாப் போதும். கருக்கல்லயே முருக்குத்தடிய மரத்துல சாத்தி, கால்ல தளைநாரப் போட்டு, இடுப்புல அருவாப்பெட்டியோட ஏறிருவான். பாளைய நுனியில தாளு கனத்துக்குச் சீவணும், கூடச் சீவுனா பாளை வீணு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவணும், தடவாட்டி பதநீ கள்ளாயிரும், பொறவு உபதேசியாருக்குப் பதில் சொல்லணும். காலையிலயும் சீவணும், சாயங்காலமும் சீவணும், சும்மா போட்டா பாளை காஞ்சிரும். இம்புட்டும் அவன் சோலி. இதுல ஒண்ணையும் "கர்த்தர் பாத்துக்கிடுவாரு"ன்னு விடமாட்டான். ஆனா கலயத்த மாட்டுன பொறவு, மரத்து உச்சியில உக்காந்து உள்ள எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு "சொட்டு, சொட்டு"ன்னு வெரட்டுன பனையேறி உண்டாடே? எறங்கி அடுத்த மரத்துக்குப் போயிருவான். நீ என்ன செய்யுத? சீவ வேண்டிய நேரத்துல ஜெபக்கூட்டத்துல இருக்க, கலயத்த மாட்டுன பொறவு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு மெயிலப் பாக்க.

பிரிஸ்டல் பட்டணத்து ஜார்ஜ் முல்லரப் பத்திப் பிரசங்கத்துல கேட்டிருப்பே. 1836ல அனாதப் பிள்ளைங்களுக்கு வீடு தொறந்து, சாகுததுக்குள்ள ஏறத்தாழ 10,000 பிள்ளைங்கள வளத்தவரு. ஒரு மனுசன்கிட்டயும் கை நீட்டிக் கேக்கல, ஜெபம் மட்டுந்தான். காலையில ரொட்டி வந்த கதையும் பால் வண்டி நின்ன கதையும் எல்லாப் பிரசங்கியாரும் சொல்லுவாங்க. சொல்லாம விடுத ஒண்ணு இருக்கு. வந்த காசு ஒவ்வொண்ணுக்கும் கணக்கு எழுதி, வருஷா வருஷம் அறிக்கையா அச்சடிச்சு வெளியிட்டாரு அந்த மனுசன். கடன் வாங்கமாட்டேன்னு வைராக்கியமா இருந்தாரு. நம்மள்ல சில பேரு ரெண்டையும் தலைகீழாப் புடிச்சுக்கிட்டாங்க. காசு மனுசன்கிட்டக் கேப்பாங்க, கணக்கு மட்டும் கர்த்தருக்குத் தெரியும்பாங்க.

நெசமாவே ஒப்புக்கொடுத்த ஒரு ஆள நம்ம பக்கத்துலயே சொல்லட்டுமா? டோனாவூர்ல பிள்ளைங்கள வளத்த ஏமி கார்மைக்கேல், பிள்ளைங்க எல்லாம் "அம்மை"ன்னு கூப்புட்டவங்க. 1931 அக்டோபர் 24ஆம் தேதி காலையில, உமக்கு ஊழியம் செய்ய என்னையத் தகுதியாக்க எது வேணும்னாலும் செய்யும் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணியிருக்காங்க, அவங்க சரித்திரத்துல இருக்கு. அன்னைக்குச் சாயங்காலமே களக்காட்டுல ஒரு வீட்டப் பாக்கப் போன எடத்துல, மங்குன வெளிச்சத்துல ஒரு குழிக்குள்ள விழுந்து கால் ஒடிஞ்சிட்டு. 1951 வரைக்கும், சாகுத மட்டும், ஏறக்குறைய ஒரே ரூமுக்குள்ளயேதான் இருந்தாங்க. அம்புட்டு பெரிய வீட்ட ஓடி ஓடிப் பாத்த அம்மா, பொறுப்ப அடுத்தவங்க கையில குடுத்துட்டுப் படுக்கையில இருந்தே புஸ்தகம் புஸ்தகமா எழுதுனாங்க. குழிய யாரு வெட்டுனா, ஏன் வெட்டுனான்னு நாமளா இருந்தா இருபது வருஷமும் விசாரிச்சிருப்போம். அதனால அந்த மாதிரி ஜெபத்தக் கொஞ்சம் யோசிச்சுப் பண்ணு மருமவனே. அவரு கேட்டாலும் கேட்டுருவாரு.

கடைசியா உன் கல்யாணம். "கர்த்தர் காட்டுற பொண்ணு"ன்னு நீ சொன்ன கையோட, உங்கம்ம எனக்கு வாட்சப்புல ஒரு லிஸ்டு அனுப்பியிருக்கா. பி.இ. படிச்சிருக்கணும், வேலையில இருக்கணும், சென்னைக்கு மாத்தல் கெடைக்கணும், ஒசரம் அஞ்சடி மூணுக்குக் கொறையப்பிடாது, நம்ம சபையா இருக்கணும், ஒத்தப் பிள்ளையா இருந்தா விசேஷம், எல்லாத்துக்கும் கீழ "தேவபயம்". இம்புட்டையும் நீங்களே முடிவு பண்ணிட்டா கர்த்தருக்கு என்ன சோலி மிச்சம்? பத்திரிகையில மேல அவரு பேரப் போடுதது ஒண்ணுதான்.

ஆசைப்படாதன்னு நான் சொல்லல. கெத்செமனேயில ஆண்டவரே மொதல்ல தன் மனசுல உள்ளதத்தான் கேட்டாரு, பொறவு முடிவப் பிதாகிட்ட விட்டாரு. நீயும் அஞ்சடி மூணுன்னே கேளு, வெக்கப்படாத. உன் ஆசைக்குக் கர்த்தர் பேர வைக்காத, அவ்வளவுதான்.

நாசரேத்துப் பக்கத்துல போயிப் பொண்ணு பாத்துட்டு, காப்பி குடிச்சு, முறுக்கும் தின்னுட்டு, "ஜெபிச்சுச் சொல்லுதோம்"னுட்டு வந்தீங்களே. அதுக்குப் பொறவு உங்கம்ம இன்னும் ரெண்டு போட்டா வாங்கி வச்சிருக்கது எனக்குத் தெரியாதுன்னா நெனைக்க? அந்தப் பிள்ளையோட அப்பா வேற எடத்துக்குப் பதில் சொல்ல முடியாம நிக்காரு. கோயில்ல என்னையப் பாத்துட்டு எதுவும் கேக்காமப் போறாரு. புடிச்சிருந்தா புடிச்சிருக்குன்னு சொல்லு. புடிக்கலன்னா எங்களுக்குச் சரிவரலன்னு சொல்லு. கர்த்தர் தடை பண்ணிட்டாருன்னு மட்டும் சொல்லிராத, அவருக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல. அந்த மனுசன் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுத்துருவாரு, அதுக்கு முன்னாடி போனப் போடு.